ஆபாசப் படம் பெருகினால் பாலியல் குற்றம் கூடுமா, குறையுமா?

பாலியல் வன்கொடுமை பற்றிய செய்தி ஒன்று வெளியானால் போதும், இரண்டு குரல்கள் கேட்கத் தொடங்கிவிடும். "போனில் கண்டதையும் பார்க்கிறார்கள், அதுதான் காரணம், எல்லாவற்றையும் முடக்க வேண்டும்" என்பது ஒன்று. "முடக்கினால்தான் ஆபத்து. அது ஒரு வடிகால், அடைத்தால் வேறு பக்கம் உடைத்துக்கொண்டு வரும்" என்பது இன்னொன்று. இரு தரப்பும் கடைசியில் "ஆய்வே சொல்கிறது" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எடுத்துக்காட்ட இருவருக்குமே ஆய்வுகள் இருக்கின்றன.

ஒரே கேள்விக்கு எதிரெதிர் விடைகள் எப்படி வருகின்றன? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். எந்தத் தரப்பு ஜெயித்தது என்று தேடுவதைவிட, ஒவ்வொரு ஆய்வும் எதை எண்ணியது, யாரை எண்ணியது என்று கவனிப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. காவல்துறை எண்களில் ஒவ்வொன்றும் புகார் கொடுக்கத் துணிந்த ஒருவரால் வந்தது. துணியாதவர்கள் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

இரண்டு ஊகங்கள்தான் அடிப்படை. பார்ப்பதை மனம் பழகிக்கொள்ளும், பிறகு கையும் செய்யும் என்பது முதல் ஊகம். அமெரிக்கப் பெண்ணியவாதி ராபின் மார்கன் 1974-ல் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: ஆபாசப் படைப்பு கோட்பாடு, வன்புணர்வு அதன் செயல்முறை. இரண்டாவது ஊகம் நேர் எதிர். படம் பார்க்கும் நேரமும் அதில் தீரும் வேட்கையும் குற்றத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது அது. கேட்டால் இரண்டுமே நம்பும்படிதான் இருக்கின்றன. அதனால் யோசித்தே முடிவுக்கு வர முடியாது, எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

டென்மார்க்கின் கணக்கு

எண்ணிப் பார்க்க முதல் பெரிய வாய்ப்பைக் கொடுத்த நாடு டென்மார்க். 1967-ல் எழுத்து வடிவ ஆபாசத்துக்கும், 1969-ல் படங்களுக்கும் இருந்த தடையை அது நீக்கியது. குற்றம் பெருகும் என்று பலர் அஞ்சினார்கள். கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் குற்றவியலாளர் பெர்ல் குட்சின்ஸ்கி காவல்துறைப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார். பாலியல் குற்றங்களின் மொத்த எண்ணிக்கை குறைந்திருந்தது.

வேறு யாராவது என்றால் அங்கேயே நிறுத்தி, "பாருங்கள், குறைந்துவிட்டது" என்று அறிவித்திருப்பார்கள். குட்சின்ஸ்கி இன்னொரு கேள்வி கேட்டார். குறைந்தது குற்றமா, புகாரா? சமூகம் தளர்ந்துவிட்ட காலத்தில், முன்பு காவல் நிலையத்துக்குப் போயிருக்கக்கூடிய ஒருவர் "இதற்கெல்லாமா போவது" என்று விட்டிருக்கலாம் அல்லவா? அதைத் தெரிந்துகொள்ள கோபன்ஹேகன் மக்களிடமே போய்க் கேட்டார். இப்படி ஒன்று உங்களுக்கு நடந்தால் புகார் கொடுப்பீர்களா, இதைக் குற்றமாகவே நினைக்கிறீர்களா என்று குற்ற வகை வாரியாக விசாரித்தார். பொது இடத்தில் உடலைத் திறந்து காட்டுவது போன்றவற்றில் மக்களின் பார்வை மாறியிருந்தது. அங்கே ஏற்பட்ட சரிவைப் புகார் குறைந்ததாலேயே விளக்கிவிட முடிந்தது. குழந்தைகள் மீதான பாலியல் தொல்லையில் அப்படி இல்லை. அதைப் பற்றிய கண்டிப்பு யாருக்கும் குறையவில்லை, புகார் கொடுக்கும் மனமும் மாறவில்லை. ஆகவே அந்தச் சரிவு உண்மையானது என்ற முடிவுக்கு வந்து, 1973-ல் வெளியிட்டார். வன்புணர்வு எண்ணிக்கை மட்டும் குறையவில்லை.

அவர் முடிவை ஏற்காதவர்கள் இருந்தார்கள். பெருங்குற்றங்களையும் சிறு குற்றங்களையும் ஒரே கூடையில் போட்டால் மொத்தம் குறைவதுபோலத் தெரியும், வன்புணர்வு மறைந்துவிடும் என்று ஆஸ்திரேலிய உளவியலாளர் ஜான் கோர்ட் வாதிட்டார். தன் நாட்டில் கட்டுப்பாடு தளர்ந்த தெற்கு ஆஸ்திரேலியாவையும் கண்டிப்பான குயின்ஸ்லாந்தையும் அருகருகே வைத்து, முன்னதில் வன்புணர்வு விகிதம் ஏறியது, பின்னதில் அப்படி ஏறவில்லை என்று வரைபடம் காட்டினார். குட்சின்ஸ்கி பிறகு டென்மார்க், சுவீடன், மேற்கு ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளின் 1964 முதல் 1984 வரையான எண்களை எடுத்துப் பார்த்தார். ஆபாசப் படைப்புகள் தாராளமாகக் கிடைத்த அந்த இருபது ஆண்டுகளில், மற்ற வன்முறைக் குற்றங்களைவிட வன்புணர்வு வேகமாகக் கூடவில்லை என்று 1991-ல் எழுதினார். கவனியுங்கள், "கூடவில்லை" என்று அவர் சொல்லவில்லை. "மற்றவற்றைவிட வேகமாகக் கூடவில்லை" என்றார். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் விடை இருக்கிறது.

எண் என்பது நடந்ததா, பதிவானதா?

காவல்துறைப் பதிவு ஒரு சல்லடை மாதிரி. நடந்த குற்றம் முதலில் பாதிக்கப்பட்டவரின் பயத்தைத் தாண்டி வர வேண்டும். அப்புறம் குடும்பத்தை, பிறகு காவல் நிலையத்தை, கடைசியில் சட்டத்தின் வரையறையை. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிடும். இங்கிலாந்து, வேல்ஸில் காவல்துறையைத் தணிக்கை செய்யும் அமைப்பு 2014-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. காவல்துறைக்கு வந்து சேர்ந்த பாலியல் குற்றங்களிலேயே 26 சதவீதம் குற்றமாகப் பதிவாகவில்லை என்றது. அத்தனை தடைகளையும் தாண்டி வந்து சொன்னவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கணக்கில் சேரவில்லை. படிக்கும்போதே மனம் கனக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் பதிவு முறையைச் சரிசெய்தபோது எண்ணிக்கை ஏறியது. அந்த ஏற்றத்தை மட்டும் பார்ப்பவருக்குக் குற்றம் வெடித்துக் கிளம்பியதுபோலத் தெரியும்.

வரையறையும் அப்படித்தான். அமெரிக்காவின் எஃப்பிஐ, வன்புணர்வு என்றால் பெண்ணின் மீது பலவந்தமாக நடப்பது மட்டுமே என்ற பழைய வரையறையைப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது. 2012-ல்தான் விரிவாக்கத்தை அறிவித்தது. சுவீடன் 2005-ல் வரையறையை அகலமாக்கியது, 2018-ல் சம்மதம் இல்லாத உறவே குற்றம் என்றது. அங்கே ஒருவர் மீது பலமுறை நடந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணுவார்கள். இந்த இரண்டு நாடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டு "எங்கே அதிகம்" என்று கேட்பது படியையும் மரக்காலையும் கொண்டு அளந்த நெல்லை ஒப்பிடுவது போல.

ஜப்பான் இதற்கு நல்ல உதாரணம். மில்டன் டயமண்ட் என்ற பாலியல் ஆய்வாளர் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், 1972-ல் 4,677 ஆக இருந்த பதிவான வன்புணர்வுகள் 1995-ல் 1,500 ஆகக் குறைந்ததைக் காட்டினார். அதே காலத்தில் ஆபாசப் படைப்புகள் பல மடங்கு பெருகியிருந்தன. வடிகால் வாதத்தினர் அடிக்கடி சொல்லும் எண் இது. ஆனால் அந்தக் காலத்தில் ஜப்பானில் இருந்த சட்டம் 1907-ல் எழுதப்பட்டது. பாதிக்கப்பட்டவரே முறையாகப் புகார் கொடுத்தால்தான் வழக்கு நடத்த முடியும் என்பது பொது விதி. 2017-ல்தான் அதை நீக்கினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 1,500 என்பது எதன் அளவு? குற்றத்தின் அளவாகவும் இருக்கலாம், வாய்மூடிப் போனதன் அளவாகவும் இருக்கலாம். அந்த விதி அந்த இடைவெளி முழுவதும் மாறாமல்தான் இருந்தது, ஆகவே சரிவு முழுவதையும் அதன் தலையில் கட்டிவிடவும் முடியாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதிவை நம்ப முடியாவிட்டால் மக்களிடமே கேட்கலாம் அல்லவா? அமெரிக்கா அதைச் செய்கிறது. காவல்துறைக்குப் போனீர்களோ இல்லையோ, இப்படி ஏதாவது நடந்ததா என்று வீடு வீடாகக் கேட்கிறார்கள். அந்தக் கணக்கெடுப்பில், பெண்கள் மீதான பாலியல் வன்முறை விகிதம் 1995-க்கும் 2010-க்கும் இடையில் 58 சதவீதம் குறைந்தது. இணையம் வீட்டுக்குள் நுழைந்த காலமும் அதுதான். வடிகால் வாதத்துக்கு இதைவிட வலுவான எண் இல்லை என்று தோன்றும். அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் கொலை, கொள்ளை, அடிதடி எல்லாமே சரிந்தன என்பது தெரியும்வரை. கொள்ளையைக் குறைத்தது ஆபாசப் படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கீழே இழுத்த ஏதோ ஒன்று இதையும் இழுத்திருக்கலாம்.

கூட்டத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-ல் வில்லியம் ராபின்சன் என்ற சமூகவியலாளர் 1930-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக வாழும் மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகமாக இருந்தது. அப்படியானால் வந்தேறிகள் உள்ளூர்க்காரர்களைவிடப் படித்தவர்கள் என்றுதானே நினைப்போம்? ஆள் ஆளாகப் பிரித்துப் பார்த்தால் கதை தலைகீழ். வந்தேறிகளின் எழுத்தறிவு குறைவாக இருந்தது. அவர்கள் பள்ளிகள் நிறைந்த, வேலை கிடைக்கும் மாநிலங்களாகப் பார்த்துக் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான். மாநிலத்தின் எண் மாநிலத்தைப் பற்றிப் பேசியது. ஆளைப் பற்றி அது ஒன்றுமே சொல்லவில்லை.

நம் விஷயத்திலும் இதே வலை விரிந்திருக்கிறது. 1980-களில் லாரி பேரன், மரே ஸ்ட்ராஸ் என்ற இரு அமெரிக்கச் சமூகவியலாளர்கள், பாலியல் பத்திரிகைகள் அதிகம் விற்கும் மாநிலங்களில் வன்புணர்வு விகிதமும் அதிகம் என்று கண்டார்கள். பெரிய பரபரப்பு. ஆனால் பேரன் பிறகு செய்த ஆய்வில், அதே பத்திரிகைகள் அதிகம் விற்கும் மாநிலங்களில் ஆண், பெண் சமத்துவமும் அதிகம் என்று வந்தது! அப்படியானால் பத்திரிகை சமத்துவத்தை வளர்க்கிறதா? யாரும் அப்படிச் சொல்லத் துணியவில்லை. முதல் கண்டுபிடிப்பை மட்டும் காரணம் என்று எடுத்துக்கொண்டு, இரண்டாவதைத் தற்செயல் என்று தள்ளினார்கள். அங்கேதான் நம் சாய்வு வெளிப்படுகிறது. ஏற்கெனவே நம்புவதற்குச் சாதகமான எண் "காரணம்" ஆகிவிடுகிறது, மற்றது "தொடர்பு" ஆகிவிடுகிறது.

இணையம் வந்ததும் பொருளாதார ஆய்வாளர்கள் கொஞ்சம் கூர்மையான வழியைப் பிடித்தார்கள். இணையம் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்வதில்லை. முன்னால் கிடைத்த ஊரையும் பின்னால் கிடைத்த ஊரையும் ஒப்பிட்டால், மற்றவை ஏறக்குறைய ஒன்றாக இருக்க, ஒரு வித்தியாசத்தை மட்டும் பிடிக்கலாம். 2006-ல் டாட் கெண்டல் அமெரிக்க மாநிலங்களை இப்படி ஒப்பிட்டு, இணைய வசதி 10 சதவீதப் புள்ளி கூடினால் பதிவான வன்புணர்வு சுமார் 7.3 சதவீதம் குறைகிறது என்றார். 2013-ல் நார்வே ஆய்வாளர்கள் நால்வர், அரசு நிதியில் பிராட்பேண்ட் ஊர் ஊராக விரிந்த 2000 முதல் 2008 வரையான காலத்தை எடுத்தார்கள். அவர்களுக்கு வந்த விடை நேர் எதிர். பிராட்பேண்ட் வந்த இடங்களில் பாலியல் குற்றப் புகாரும் கூடியது, குற்றச்சாட்டும் கூடியது, தண்டனையும் கூடியது.

நார்வே ஆய்வு எனக்குப் பிடித்தது, காரணம் அதன் முடிவு அல்ல. அவர்கள் மூன்று வழிகளைப் பிரித்துப் பேசினார்கள். இணையத்தால் புகார் கொடுப்பது கூடியிருக்கலாம். குற்றவாளியும் பாதிக்கப்படுபவரும் சந்திக்க இணையம் பாலம் போட்டிருக்கலாம். அல்லது பார்க்கும் படங்கள் நாட்டத்தையே மாற்றியிருக்கலாம். மூன்றாவதற்கும் பங்கு இருக்கிறது என்பது அவர்களின் வாசிப்பு. ஆனாலும் யார் என்ன படம் பார்த்தார்கள் என்று அவர்கள் கையில் நேரடிக் கணக்கு இல்லை. ஊருக்குள் வந்தது பிராட்பேண்ட். அதன் வழியே ஆபாசப் படமும் வந்தது, அரட்டையும் வந்தது, விளையாட்டும் வந்தது, இரவு கண்விழிப்பும் வந்தது. கெண்டல் ஆய்வுக்கும் இதே குறை உண்டு.

ஆய்வகமும் ஆளும்

சரி, ஊரை விட்டு ஆளையே பார்த்தால்? 1980-ல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டானர்ஸ்டீன் நடத்திய சோதனை புகழ்பெற்றது. கல்லூரி மாணவர் ஒருவர் அறைக்குள் வருவார். ஆய்வாளரின் கூட்டாளி, ஆணோ பெண்ணோ, சக மாணவர்போல நடித்து அவரைச் சீண்டுவார். அப்புறம் ஒரு படம் போட்டுக் காட்டுவார்கள். சிலருக்குச் சாதாரணப் படம், சிலருக்குப் பாலியல் படம், சிலருக்கு வன்முறை கலந்த பாலியல் படம். கடைசியில் அந்தக் கூட்டாளிக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் வாய்ப்பு தரப்படும். உண்மையில் மின்சாரம் எதுவும் பாயாது, எவ்வளவு அழுத்துகிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்வார்கள். வன்முறை கலந்த படத்தைப் பார்த்தவர்கள், தங்களைச் சீண்டியவர் பெண்ணாக இருந்தபோது கூடுதலாக அழுத்தினார்கள்.

இது காரணத்தைக் காட்டும் சோதனைதான், சந்தேகமில்லை. எந்தப் படம் யாருக்கு என்பதை ஆய்வாளரே சீட்டுக் குலுக்குவதுபோல முடிவு செய்கிறார். ஆனால் எதற்குக் காரணம்? ஆய்வாளரே கையில் கொடுத்த பொத்தானை, தண்டனை இல்லாத அறையில், ஐந்து நிமிடத்துக்குள் அழுத்துவதற்கு. அங்கிருந்து நிஜமான குற்றம் வரை நீண்ட தூரம் இருக்கிறது. 1986-ல் அமெரிக்க அட்டர்னி ஜெனரல் எட்வின் மீஸ் அமைத்த குழு, இத்தகைய சோதனைகளை வைத்து, வன்முறை கலந்த ஆபாசம் பாலியல் குற்றத்துக்குக் காரணம் என்று எழுதியது. எங்கள் ஆய்வு அவ்வளவு தூரம் போகவில்லையே என்று டானர்ஸ்டீனே மறுத்தார். கெடுப்பது பாலியல் காட்சி அல்ல, அதில் கலந்த வன்முறை, பாலியல் இல்லாத படத்திலும் அது உண்டு என்பது அவர் நிலை. 1970-ல் நடந்தது இதன் மறுபக்கம். அப்போதைய அமெரிக்க ஆணையம் ஆபாசத்துக்கும் குற்றத்துக்கும் காரணத் தொடர்பு இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. அதிபர் நிக்சன் அதை நிராகரித்தார், செனட் 60-க்கு 5 என்ற கணக்கில் தள்ளியது. இரண்டு தடவையும் அரசியலுக்கு வேண்டிய விடை முன்பே தயாராக இருந்தது.

ஆளைப் பற்றி இதுவரை வந்ததில் எனக்கு அதிகம் நியாயமாகப் படுவது உளவியலாளர் நீல் மாலமுத் பல ஆண்டுகளாக வளர்த்த விளக்கம். எல்லா ஆண்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்கிறார் அவர். பெண்கள் மீது பகைமை, அடக்கி ஆளும் ஆசை, ஒட்டுதல் இல்லாத உறவு நாட்டம் ஆகியவை ஏற்கெனவே மிகுந்தவர்களிடம், அதிகம் ஆபாசம் பார்ப்பதும் பாலியல் வன்முறையும் சேர்ந்து காணப்படுகின்றன. அவை இல்லாதவர்களிடம் அந்தத் தொடர்பு ஏறக்குறைய தெரிவதே இல்லை. எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது வேறு, அணைந்த அடுப்பில் ஊற்றுவது வேறு. ஒரு நாட்டின் சராசரி ஏன் அசையவில்லை என்பதும், அதே நாட்டில் சிலர் விஷயத்தில் ஏன் பயப்பட வேண்டியிருக்கிறது என்பதும் இந்த ஒரே விளக்கத்தில் பொருந்திவிடுகின்றன. அடுப்பை முதலில் யார் பற்றவைத்தது என்ற கேள்வி மட்டும் மிச்சம். வன்முறை மனம் உள்ளவரே வன்முறைப் படத்தைத் தேடிப் போகிறாரா, படம் அவரை அப்படி ஆக்கியதா?

பல ஆய்வுகளைக் கூட்டி எடைபோட்டவர்களும் இந்த முடிச்சில்தான் நிற்கிறார்கள். பால் ரைட் குழு 2016-ல் 7 நாடுகளின் 22 ஆய்வுகளைத் தொகுத்து, ஆபாசம் பார்ப்பதற்கும் பாலியல் அத்துமீறலுக்கும் தொடர்பு உண்டு, உடல் வன்முறையைவிடச் சொல்லால் வற்புறுத்துவதில் அது வலுவாக இருக்கிறது என்றது. கிறிஸ்டோபர் பெர்குசனும் ரிச்சர்ட் ஹார்ட்லியும் பிறகு செய்த தொகுப்பில், வன்முறை இல்லாத ஆபாசத்துக்கு அப்படித் தொடர்பு இல்லை, வன்முறை உள்ளதற்கு இருக்கும் மெல்லிய தொடர்பில் எது முதல் என்று பிரிக்க முடியவில்லை என்று வந்தது. "சொல்லால் வற்புறுத்துவது" என்பதை லேசாகக் கடந்துவிட வேண்டாம். அழுது, மிரட்டி, விட்டுப் போய்விடுவேன் என்று பயமுறுத்திச் சம்மதம் வாங்குவதும் அதில் அடக்கம். பெரும்பாலும் எந்தக் காவல்துறைப் பதிவிலும் வராத வகை அது. குற்ற விகிதத்தை மட்டும் பார்க்கும் ஆய்வு அதைப் பார்க்கவே பார்க்காது.

குழந்தைகளை வைத்து எடுத்த படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வடிகால் வாதத்தை அங்கேயும் நீட்டிப் பேசுபவர்கள் உண்டு. நான் அதை ஒப்பவே மாட்டேன். அந்தப் படம் ஒவ்வொன்றும் நடந்து முடிந்த ஒரு குற்றத்தின் பதிவு. "இதனால் குற்றம் குறையுமா" என்று கேட்பவர், படத்தில் இருக்கும் குழந்தையை எண்ணாமலே கணக்குப் போடுகிறார்.

இனி வரும் ஆய்வுகளுக்கு இன்னொரு சிக்கல். கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 2009-ல், பார்த்தவர்களோடு ஒப்பிட, இருபது வயதுகளில் இருக்கும், ஆபாசப் படமே பார்த்திராத ஆண்களைத் தேடினார். ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. பார்த்தாரா, இல்லையா என்று இனி பிரிக்க வழியில்லை. எந்த வயதில், எவ்வளவு, எந்த மாதிரியானது, தேடிப் போனதா, தானாக வந்து திரையில் விழுந்ததா என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.